பதினொருவருக்கும் மூவருக்கும் ஒலிக்கும் மணி

அயர்லாந்து நாட்டின் மேற்குக் கரையோரம் மேயோ என்றொரு மாவட்டம் உண்டு. அங்கே நெஃபின் மலையின் அடிவாரத்தில், கான் ஏரிக்கு அருகில், லஹர்டான் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஒரு தெரு, சில கடைகள், புனித பேட்ரிக் ஆலயம், சுற்றிலும் பசும்புல் வெளிகள், ஊர் இவ்வளவே. ஆண்டு முழுவதும் அமைதியாய் இருக்கும் இவ்வூரில், ஏப்ரல் 15ஆம் நாள் பின்னிரவு 2.20 மணிக்கு ஆலயமணி ஒலிக்கும். உறங்கச் செல்லாமல் காத்திருந்த மக்கள் குளிரில் கூடி நிற்பார்கள். முதலில் பதினொருவரின் நினைவாகத் துக்கமணி மெல்ல மெல்ல ஒலிக்கும். அதன்பின் மூவரின் நினைவாக மகிழ்ச்சி மணி ஒலிக்கும். மணிக்கயிற்றைப் பிடித்து இழுப்பவர்கள் அந்தப் பதினால்வரின் உறவினர்கள்.

1912ஆம் ஆண்டு அதே நாளில், அதே நேரத்தில், அட்லாண்டிக் கடலில் டைட்டானிக் கப்பல் மூழ்கியது. லஹர்டானை உள்ளடக்கிய ஆடர்கூல் பங்கிலிருந்து 14 பேர் அக்கப்பலில் சென்றனர். 11 பேர் கடலில் மாண்டனர், மூவர் பிழைத்தனர். ஒரு சிறு பங்கிலிருந்து ஒரே கப்பலில் இத்தனை பேர் போனது எப்படி? அவர்களை அனுப்பி வைத்தது எது? இக்கேள்விகளைப் பின்பற்றிச் சென்றால், ஒரு கப்பலின் கதையைவிட நீண்ட கதை ஒன்றை நாம் கேட்க நேரிடுகிறது.

மண்ணும் மக்களும்

ஆடர்கூல் பங்கு வரலாற்றில் முன்னரே ஒருமுறை இடம் பெற்றிருந்தது. 1798 ஆகஸ்டு மாதத்தில் தளபதி அம்பேர் தலைமையில் பிரெஞ்சுப் படை ஒன்று ஆங்கில ஆட்சிக்கு எதிராகப் போரிடும் ஐரிஷ் மக்களுக்குத் துணையாக மேயோ கரையில் இறங்கியது. அப்படை மலை வழியாகக் காசில்பார் நகருக்குச் சென்றபோது, இப்பங்கின் குருவாயிருந்த அருள்தந்தை ஆண்ட்ரூ கான்ராய் அதற்கு உதவினார். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் அவர் காசில்பாரில் தூக்கிலிடப்பட்டார். லஹர்டானில் அவருக்கு நினைவுச்சின்னம் உண்டு. தம் மக்களின் துன்பத்தில் பங்கு கொண்ட ஒரு மேய்ப்பனின் நினைவு இவ்வூரின் முதல் செல்வம் எனலாம்.

ஆயினும் அவ்வூரின் வாழ்வை மாற்றியமைத்தது போர் அன்று; பசியே. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை ஒருவகைக் கருகல் நோய் தாக்கியது. மேயோவின் ஏழைக் குடியானவர்களுக்கு உருளைக்கிழங்கு ஒன்றே உணவு. அவர்கள் விளைவித்த தானியமும் வளர்த்த கால்நடையும் நில உடைமையாளருக்குக் குத்தகையாகவே போய்விடும். பயிர் அழுகி மக்கள் பட்டினியில் மடிந்தபோதும் அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து உணவுப் பொருள்கள் கப்பலேறிக்கொண்டிருந்தன. 1847இல் இயற்றப்பட்ட ஒரு சட்டப் பிரிவு, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்போருக்கு அரசு நிவாரணம் இல்லை என்றது. நிலத்தைக் கைவிட்டுக் கஞ்சி வாங்குவதா, நிலத்தைக் காத்துப் பட்டினி கிடப்பதா என்னும் கொடிய தேர்வு ஏழையின்முன் வைக்கப்பட்டது.

1852க்குள் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். அதைவிட மிகுதியானோர் நாட்டைவிட்டு வெளியேறினர். மேயோ மாவட்டத்தின் மக்கள்தொகை 1841இல் 3,88,887. பத்தே ஆண்டுகளில் அது ஏறத்தாழ 2,74,000 ஆகக் குறைந்தது. பஞ்சம் தீர்ந்தபின்னரும் வெளியேற்றம் நிற்கவில்லை. 1911இல் 1,92,000 பேரே எஞ்சியிருந்தனர். அயர்லாந்துத் தீவு முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும், 1841இல் இருந்த 80 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகையை அது இன்றுவரை மீண்டும் எட்டவில்லை.

பஞ்சம் தீர்ந்தபின்னும் மக்கள் ஏன் போனார்கள்? பஞ்சத்திலிருந்து அம்மக்கள் ஒரு கசப்பான பாடம் கற்றனர். சிறு நிலத்தைப் பிள்ளைகளுக்குள் துண்டு துண்டாய்ப் பிரித்தால் எல்லாரும் அழிவர். ஆகவே நிலம் ஒரே மகனுக்கு என்றாயிற்று. ஒரு மகளுக்குச் சீதனம் கொடுக்கலாம். எஞ்சிய பிள்ளைகளுக்கு வழி எது? கடல்தான். ஏழெட்டுப் பிள்ளைகள் பிறந்த வீட்டில் ஐந்தாறு பேர் தொட்டிலில் கிடக்கும்போதே வெளிநாட்டுக்கு உரியவர்களாய் இருந்தார்கள்.

இம்மாவட்டத்தின் ஸ்ட்ரேடு என்னும் ஊரில் 1846இல் பிறந்த மைக்கேல் டேவிட்டின் வாழ்வு இதற்குச் சான்று. குத்தகை செலுத்த இயலாமையால் 1850இல் அவர் குடும்பம் வீட்டைவிட்டு விரட்டப்பட்டது. இங்கிலாந்து சென்று பஞ்சாலையில் சிறுவனாய் உழைத்த அவர், 11 வயதில் இயந்திரத்தில் சிக்கித் தம் வலக்கையை இழந்தார். பின்னர் அவர் திரும்பி வந்து, 1879இல் குடியானவர்களின் உரிமைக்கான நில இயக்கத்தைத் தொடங்கினார். ஆனால் எல்லாரும் திரும்பி வருவதில்லை. பெரும்பாலோர் திரும்பவேயில்லை.

உயிரோடு இருப்பவர்க்கு இழவு

அயர்லாந்து மக்களிடையே, ஒருவர் இறந்தால் உடலை வீட்டில் கிடத்தி, உற்றார் உறவினர் இரவு முழுவதும் கண்விழித்திருந்து செபமாலை சொல்லும் வழக்கம் உண்டு. ஒப்பாரியும் உண்டு, உண்பதும் பேசுவதும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வழக்கம் ஒரு புதிய வடிவம் எடுத்தது. மகனோ மகளோ அமெரிக்காவுக்குப் புறப்படும் நாளுக்கு முந்திய இரவு, ஊரார் அந்த வீட்டில் கூடுவர். பிடில் வாசிப்பர், ஆடுவர், பாடுவர். விடியும் நேரத்தில் ஆட்டம் நின்று அழுகை தொடங்கும். தாய் தன் பிள்ளையைக் கட்டிக்கொண்டு, இறந்தவர்க்குப் பாடும் ஒப்பாரியையே பாடுவாள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘அமெரிக்க இழவு’ என்பதாகும்.

உயிரோடு இருப்பவருக்கு இழவு கொண்டாடுவதா என்று நமக்குத் தோன்றலாம். அம்மக்கள் மெய்யறிந்தே அவ்வாறு செய்தனர். கடலைக் கடந்த பிள்ளையின் முகத்தை இனி இவ்வுலகில் காண்பது அரிது என்பதை அத்தாய் அறிவாள்.

முகம் வராது, கடிதம் வரும். கடிதத்துக்குள் பணம் வரும். அயர்லாந்திலிருந்து வெளியேறியோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். அவர்களுள் பெரும்பாலோர் மணமாகாத இளம்பெண்கள். பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் செல்வர் வீடுகளில் சமைத்தும் துவைத்தும் ஈட்டிய பணத்தை அவர்கள் ஊருக்கு அனுப்பினர். அப்பணம் குத்தகையைத் தீர்த்தது. கடைக் கடனை அடைத்தது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் புத்தாடை வாங்கியது. பல நேரங்களில் கடிதத்தோடு ஒரு கப்பல் பயணச்சீட்டும் வந்தது. அது அடுத்த தங்கைக்கு. அவள் போய் உழைத்து, அதற்கடுத்த தம்பிக்குச் சீட்டு அனுப்புவாள். இப்படிச் சங்கிலிபோல் ஒருவர்பின் ஒருவராய்ப் பிள்ளைகள் போய்க்கொண்டேயிருந்தனர். ஊர் தன் பிள்ளைகளை அனுப்பிப் பிழைத்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வறுமை அவர்களுக்கு விட்டுவைத்த வழி அது ஒன்றே.

1912ஆம் ஆண்டு வசந்தம்

இந்தப் பின்னணியில் பார்த்தால், 1912 ஏப்ரலில் ஆடர்கூல் பங்கிலிருந்து 14 பேர் சேர்ந்து புறப்பட்டது வியப்பான நிகழ்ச்சி அன்று. அது ஆண்டுதோறும் நடப்பதுதான். அவர்களுள் பெண்கள் 11 பேர், ஆண்கள் மூவர். சிகாகோவில் முன்னரே வாழ்ந்து, ஊருக்கு வந்து, மீண்டும் செல்லும் பெண்களும் இக்குழுவில் இருந்தனர். கேத்தரின் மக்கோவன் அத்தகையவர். அவர் தம் சகோதரர் மகள் ஆன்னி மக்கோவனை உடன் அழைத்துச் சென்றார். ஜான் பர்க்கும் கேத்தரினும் புதிதாய் மணமானவர்கள். ஜானின் தங்கை மேரி பர்க்கும் அவர்களோடு சென்றார். மேரி கனவன், பேட் கனவன், மேரி மங்கன், பிரிஜிட் டோனஹூ, நோரா ஃபிளெமிங், ஜேம்ஸ் ஃபிளின், டீலியா மேஹன், டீலியா மக்டெர்மட், ஆன்னி கேட் கெல்லி ஆகியோர் மற்றவர். அந்த ஊரில் இப்பெயர்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே சொல்லப்படுவதால், நாமும் தனித்தனியே சொல்கிறோம்.

மூன்றாம் வகுப்புக் கட்டணம் ஏறத்தாழ 7 பவுன் 15 சில்லிங். சிறு குடியானவனுக்கு அது பெருந்தொகை. காசில்பாரில் இரயிலேறிய அவர்கள், இன்று கோவ் என்று அழைக்கப்படும் குயின்ஸ்டவுன் துறைமுகத்தை அடைந்தனர். ஏப்ரல் 11ஆம் நாள் சிறு படகுக் கப்பல்கள் அவர்களைத் துறைமுகத்துக்கு வெளியே நின்ற டைட்டானிக்கிடம் கொண்டு சேர்த்தன. அதே துறைமுகத்தில் அக்கப்பலிலிருந்து இறங்கியவர்களுள் ஒருவர், இயேசு சபையில் குருத்துவப் பயிற்சியில் இருந்த பிரான்சிஸ் பிரவுன். தொடர்ந்து பயணம் செய்ய ஒரு செல்வர் உதவ முன்வந்தும், சபைத் தலைவர் தந்தி வழி தந்த ஆணைக்குக் கீழ்ப்படிந்து அவர் இறங்கினார். அவர் எடுத்த ஒளிப்படங்களே அக்கப்பலின் உள்வாழ்வை உலகுக்குக் காட்டுகின்றன.

பிற்பகலில் கப்பல் புறப்பட்டது. மூன்றாம் வகுப்புத் தளத்தில் யூஜின் டேலி என்னும் ஐரிஷ் இளைஞர், தம் நாட்டுத் துருத்திக்குழலில் ஒரு சோகப் பண்ணை வாசித்தார். பிறந்த மண் கண்ணைவிட்டு மறைந்தது.

ஏப்ரல் 14, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு. அக்கப்பலில் பயணம் செய்த ஆங்கிலேயக் குரு அருள்தந்தை தாமஸ் பைல்ஸ் மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்கும் திருப்பலி நிறைவேற்றினார். அன்றிரவு 11.40 மணிக்குக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடத்தில் அது மூழ்கிற்று. ஏறத்தாழ 2,200 பேர் இருந்த கப்பலில், உயிர்காப்புப் படகுகளில் 1,178 பேருக்கே இடம் இருந்தது. அருள்தந்தை பைல்ஸ் படகில் ஏற மறுத்து, மக்களின் பாவசங்கீர்த்தனம் கேட்டு, பாவமன்னிப்பு வழங்கி, செபமாலை சொல்லி, அவர்களோடு மாண்டார். ஏறத்தாழ 1,500 பேர் இறந்தனர்.

இங்கே ஒரு கணக்கை நாம் நோக்க வேண்டும். பிரிட்டிஷ் விசாரணை அறிக்கையின்படி, முதல் வகுப்பில் பயணம் செய்த 144 பெண்களில் 140 பேர் காப்பாற்றப்பட்டனர். மூன்றாம் வகுப்பில் பயணம் செய்த 165 பெண்களில் 76 பேரே காப்பாற்றப்பட்டனர். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முதலிடம் என்பது அன்று கப்பலின் ஆணையாயிருந்தது. ஆனால் கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்கு வரும் வழி ஏழைப் பெண்ணுக்கு நீண்டதாய் இருந்தது. ஆடர்கூல் பெண்கள் 11 பேரில் எண்மர் மாண்டனர்.

ஜான் பர்க்கின் மனைவி கணவனை விட்டுப் படகில் ஏற மறுத்தார் என்றும், தங்கை மேரி அண்ணனை விட்டு வர மறுத்தார் என்றும், மூவரும் சேர்ந்தே இறந்தனர் என்றும் ஊரில் சொல்லப்படுகிறது. அவர்கள் விட்டுக்கொடுத்த இடத்தால் படகேறிப் பிழைத்தவர்களுள் ஒருவர் ஆன்னி கேட் கெல்லி என்பர். டீலியா மக்டெர்மட் புறப்படுமுன் வாங்கிய புதுத் தொப்பியை எடுத்து வரத் திரும்பிச் சென்று, பின்னர் கீழே இறங்கிக்கொண்டிருந்த படகில் குதித்துத் தப்பினாராம். ஒரு தொப்பிக்காகவா என்று நகைக்கத் தோன்றும். ஆனால் வாழ்வில் முதன்முறையாகத் தனக்கென்று ஓர் அழகிய பொருள் வாங்கிய ஏழைப் பெண்ணின் மனத்தை எண்ணிப் பார்த்தால் நகைப்பு வராது.

மேரி மங்கனின் உடல் மட்டும் கடலில் கண்டெடுக்கப்பட்டு, கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டது. மற்றவர்களின் உடல்கள் கிடைக்கவில்லை.

படத்துக்குச் சொல்லிய செபமாலை

முதலில் வந்த செய்தித்தாள்கள் சில, எல்லாரும் காப்பாற்றப்பட்டனர் என்று தவறாக அறிவித்தன. உண்மை தெரிய வந்தபோது, நெஃபின் மலையடிவார வீடுகளில் ஒன்றன்பின் ஒன்றாய் ஒப்பாரி எழுந்தது. கிடத்துவதற்கு உடல் இல்லை. ஆகவே இறந்தவர்களின் ஒளிப்படங்களை, அவர்கள் கடைசியாய் உறங்கிய படுக்கைகளின்மேல் வைத்து, உறவினர்கள் சுற்றி முழந்தாளிட்டுச் செபித்தனர். சில நாள்களுக்கு முன்பு அதே வீடுகளில் ‘அமெரிக்க இழவு’ நடந்திருந்தது. உருவகமாய் நடந்த இழவு இப்போது மெய்யாகவே வந்து உள்ளே அமர்ந்துகொண்டது.

அதன்பின் நெடுங்காலம் அவ்வூர் இதைப் பற்றி வெளியே மிகுதியாய்ப் பேசவில்லை. ஆழ்ந்த துயரம் தன்னை மூடிக்கொள்ளும் இயல்புடையது. அதோடு ஊரின் வறுமையும் தீரவில்லை. அடுத்த பிள்ளைகளையும் அதே கடல் வழியே அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பப் போகும் தாய், கடலில் மாண்டவர்களைப் பற்றி எப்படிப் பேசுவாள்?

பிழைத்த மூவரும் அமெரிக்காவில் வாழ்ந்தனர். டீலியா மக்டெர்மட் 1959இல் மறைந்தார். ஆன்னி கேட் கெல்லி டொமினிக்கன் துறவற சபையில் சேர்ந்து, அருள்சகோதரி பேட்ரிக் ஜோசப் என்னும் பெயருடன் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஏட்ரியன் சகோதரிகளுள் ஒருவராய் வாழ்ந்து 1969இல் இறைவனடி சேர்ந்தார். பிறர் விட்டுக்கொடுத்த இடத்தில் கிடைத்த உயிரைத் தமதெனக் கொள்ளாமல் திருப்பிக் கொடுத்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆன்னி மக்கோவன் 1990இல் சிகாகோவில் காலமானார்.

2002ஆம் ஆண்டு முதல் ஆலயமணி ஒலிக்கத் தொடங்கியது. 2012இல் நூற்றாண்டு நினைவு நாளையொட்டி ஊரில் நினைவுப் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. கப்பலின் முகப்பும், பெட்டிகளுடன் நிற்கும் மக்களும் அங்கே சிற்பங்களாய் உள்ளனர். ஆலயத்திலும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் அவர்கள் நினைவாக அமைந்துள்ளன. அரசர்களின் பெயரும் வள்ளல்களின் பெயரும் எழுதப்படும் இடத்தில், வீட்டு வேலைக்குப் போன ஏழைப் பெண்களின் கதை ஒளியாய் இறங்குகிறது.

மணி நம்மிடம் கேட்பது

அயர்லாந்தின் இக்கதை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1842இல் சென்னைக்கு வந்திறங்கிய பிரசன்டேஷன் சபைக் கன்னியர் அயர்லாந்திலிருந்து வந்தவர்களே. அவர்களை அனுப்பியது பசி அன்று, அழைத்தல். எனினும் அவர்களின் தாய்மாரும் கரையில் நின்று அழுதிருப்பர். சென்னையில் கல்வி பெற்ற எத்தனையோ குடும்பங்கள் அந்தக் கண்ணீரின் பலனை இன்றும் துய்க்கின்றன.

மணியோசைக்குத் திரும்புவோம். பதினொருவருக்குத் துக்கமணி, மூவருக்கு மகிழ்ச்சி மணி என்பது அவ்வூர் வகுத்துக்கொண்ட முறை. ஆழ்ந்து நோக்கினால், அந்த மூவரும்கூட அத்தாய்மாரின் அடுப்படிக்கு அன்றாடம் திரும்பி வந்தவர்கள் அல்லர். டைட்டானிக்கில் ஏறாமல் வேறு கப்பல்களில் ஏறி நலமாய்ச் சென்ற ஆயிரக்கணக்கான மேயோ மக்களும் அப்படியே. அவர்களுக்கென்று எந்த மணியும் ஒலிக்கவில்லை; செய்தித்தாளில் பெயரும் வரவில்லை. சமையலறைகளிலும் சுரங்கங்களிலும் இரயில் பாதைகளிலும் உழைத்து, பணம் அனுப்பி, வேற்று மண்ணில் அடக்கமானார்கள். பெருங்கப்பல் ஒன்று மூழ்கியதால் பதினால்வரின் பெயர் உலகுக்குத் தெரிந்தது. மூழ்காத கப்பல்கள் கொண்டுபோனவர்களை யார் எண்ணியது?

லஹர்டான் மக்கள் இதையும் உணர்ந்தே மணி அடிக்கிறார்கள் என்று நாம் நம்புகிறோம். பதினால்வரின் பெயரைச் சொல்வதன் வழியாக, பெயர் தெரியாத எல்லாரையும் அவர்கள் நினைவுகூர்கிறார்கள். அனுப்பி வாழ்ந்த ஊர், அனுப்பப்பட்டவர்களுக்குப் பட்ட கடன் அது. அக்கடனைத் தீர்க்கப் பணத்தால் இயலாது. கண்விழித்திருந்து, குளிரில் நின்று, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைப்பதால் மட்டுமே அது ஓரளவு தீரும்.

வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தால் நம் ஊர்களிலும் வீடுகள் எழுந்துள்ளன; ஆலயக் கோபுரங்களும் எழுந்துள்ளன. அப்பணத்தை அனுப்பியவரின் பெயர் கல்வெட்டில் இருக்கலாம். அவர் அங்கே தனிமையில் கழித்த இரவுகள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அடுத்த முறை அவர் கடிதமோ பணமோ வந்து சேரும்போது, எண்ணுமுன் ஒரு கணம் நின்று அவரை நினைப்போமா? அந்த ஒரு கணத்தில் நம் வீட்டிலும் ஒரு மணி ஒலிக்கும்.